தூருன் கேட்ட வேகம்

"வீட்ல முதல்ல எந்திரிக்கிறது யாரு?"

இதைக் கேட்காமல் தூருன் பிரெக்கே யாருக்கும் ஓர் இசைத்தட்டை எடுத்துக் கொடுப்பதில்லை. எந்த வாத்தியம் பிடிக்கும், யாரையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத விவரங்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "நான்தான், அஞ்சு மணிக்கே" என்கிறாள். "தரையில கம்பளம் கெடக்கா, வெறும் பலகையா?" "பலகைதான்." "கீழ் வீட்ல?" "ஒரு பெரியவர். காது அவ்வளவா கேக்காது." தூருன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள் அலமாரிக்குப் போகிறார். கம்பளிக் காலுறைகள் பலகைத் தரையில் ஓசையில்லாமல் வழுக்குகின்றன. கொண்டுவந்து வைக்கும் தட்டு, ஸ்டெய்ன்ஷெர் ஊர்ப் பக்கத்து அக்காவும் தம்பியும் பியானோவும் டிரம்ஸுமாக வாசித்தது. உறையின் மூலையில் ஒரு கிளிப்; கிளிப்பில் பென்சிலால் எழுதிய சீட்டு. "அதிகாலைக்கு. காப்பி கொதிக்கும் சத்தத்தோடு சண்டைக்குப் போகாது. முதல் பக்கம் பதினெட்டு நிமிடம். அதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம்."

ட்ரொண்ட்ஹைமில், நிடெல்வா ஆற்றோரம் கட்டைக்கால்களில் நிற்கும் பழைய மரக் கிடங்குகளில் ஒன்றில் இருக்கிறது கடை. சொந்தக்காரர் ஐவின். முன்கட்டில் ராக் இசையும், கைமாறி வந்த பழைய தட்டுகளும் அவருடைய ராஜ்யம். பின்கட்டு ஜாஸ், அது பதினேழு வருடமாகத் தூருனுடையது. அங்கே இரண்டு அலமாரிகள். இடப்பக்கம் செத்தவர்கள், வலப்பக்கம் இருப்பவர்கள். சுவரில் மாட்டி வைக்கத் தகுந்த பெரிய பெயர்களைத் தேடிக்கொண்டு வருகிறவர்களை அவர் தடுப்பதில்லை. இடப்பக்கம் கையைக் காட்டுவார். "அவங்க அங்க இருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் கெட்டுப் போகல. அடுத்த வருஷம் வந்தாலும் அங்கேயேதான் இருப்பாங்க. செத்தவங்களுக்குப் பசிக்காது." பிறகு வலப்பக்கத்திலிருந்து ஒன்றை உருவி வாடிக்கையாளரின் நெஞ்சுக்கு நேரே நீட்டுவார். "இவ வியாழக்கிழமை பனியில ஆள் உசர பாஸ் வாத்தியத்தைத் தூக்கிக்கிட்டு லெவாங்கருக்கு ரயில் ஏறணும். இவளைக் கேளுங்க."

"போன்லயே கேட்டுக்கறேனே" என்று யாராவது சொன்னால் கோபப்பட மாட்டார். "தாராளமா. வருஷம் பூரா நீங்க ராப்பகலா கேட்டாலும் அவளுக்கு ஒரு பன்னு வாங்கக் காணாது, அவ்வளவுதான்."

ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. நெட்டையான உடம்பு, குட்டையாக வெட்டிய நரைமுடி. பதினொரு மணி அடித்தால் மெழுகுத் தாளைப் பிரித்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டித் துண்டு இரண்டைத் தின்பார். அந்த நேரத்தில் ராஜாவே வந்தாலும் காத்திருக்க வேண்டும். இந்தக் கடைக்கு வருமுன் இருபது வருடம் மீன் ஏற்றுமதி செய்யும் அலுவலகத்தில் தொலைபேசி முன்னால் உட்கார்ந்திருந்தார். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. "எனக்கு விசில் அடிக்கக்கூட வராது. சுரம், கட்டை, எதுவும் தெரியாது. மீன் வாங்குறவன் போன்ல பொய் சொல்றானா, மெய் சொல்றானான்னு மூச்சை வெச்சுச் சொல்லிடுவேன். எனக்குத் தெரிஞ்ச சங்கீதம் அதுதான்."

புதிதாக வரும் ஒவ்வொரு தட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று முறை கேட்பார். முதல் முறை பாத்திரம் கழுவிக்கொண்டு. இரண்டாம் முறை கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில். மூன்றாவது, பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு. "கதவுக்கு இந்தப் பக்கம் வர்றதுதான் நெசமான பாட்டு. மத்ததெல்லாம் ஸ்பீக்கர் பண்ற ஜோடனை" என்பார். முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகி வைத்து, ஒவ்வொரு பக்கமும் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்வார். அதன் பிறகுதான் பென்சில்.

அவர் சீட்டுகளில் 'அற்புதம்' என்ற சொல் ஒரு தடவைகூட வந்ததில்லை. "உருளைக்கிழங்கு சீவும்போது கேட்காதீர்கள், விரல் போய்விடும்" என்று ஒரு டிரம்ஸ்காரருக்கு எழுதினார். வயோதிகர் இல்லத்தில் காலைப் பணி பார்த்துவிட்டு மாலையில் டிரம்பெட் ஊதும் ஒருத்திக்கு, "இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதல் பக்கத்தில் நம்மைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படுகிறார்" என்று எழுதினார். அந்த டிரம்பெட்காரி சீட்டைப் படித்துவிட்டுச் சிவந்துபோய், "ஆமா, வெட்கமாத்தான் இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டாள்.

பிடிக்காத தட்டைத் திட்டி எழுதமாட்டார். சீட்டே எழுதமாட்டார். தட்டு அலமாரியில் இருக்கும், விற்கும், ஆனால் மூலையில் கிளிப் இருக்காது. இந்த ஊர் வாத்தியக்காரர்கள் கடைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான். "உன் பென்சிலை விட அரிவாள் தேவலை" என்று ஐவின் அடிக்கடி சொல்வார். "அரிவாள் வெட்டினா சத்தமாவது வரும்."

சீவர்ட் ஹெல்லேமின் தட்டுகள் இரண்டு அப்படிக் கிளிப் இல்லாமல் நின்றன.

சீவர்ட் கிளாரினெட்காரன். முப்பத்தாறு வயது; சிறியது பெரியது என்று எல்லா அளவுக் கிளாரினெட்டும் வாசிப்பான். செவ்வாய்க்கிழமைகளில் நகராட்சி இசைப்பள்ளியில் பாடம், மற்ற நாட்களில் சவ அடக்கம், நாடகக் கொட்டகை, கூப்பிடுகிறவர்களின் குழு. வியாழன்தோறும் கடைக்கு வந்து தூருனோடு காப்பி குடிப்பான். இருவருக்குள்ளும் ஒளிவுமறைவு கிடையாது. முதல் தட்டு வந்தபோதே தூருன் நேரே சொல்லிவிட்டார்: "அவசரம்டா. நீ வாசிக்கிறதைக் கேட்டா, பஸ் போயிடுமோன்னு எனக்குப் பதறுது." இரண்டாவதற்கும் அதையே சொன்னார். அவன் சண்டை போடவில்லை, காப்பியும் நிற்கவில்லை. ஆனால் கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் வலப்பக்க அலமாரியில், 'ஹெ' வரிசையில், அவன் கண் ஒரு தரம் போய்த் திரும்பும். தூருனும் அதைப் பார்ப்பார். இருவரும் பார்க்காததுபோல வானிலையைப் பற்றிப் பேசுவார்கள்.

இந்த ஜனவரியில் அவன் தன் மூன்றாவது தட்டின் சோதனைப் பிரதியைக் கொண்டுவந்தான். வெள்ளைக் காகித உறை. பெயரோ எழுத்தோ எதுவும் இல்லை. துறைமுகத்தில் காலியாகக் கிடக்கும் தானியக் கோபுரத்துக்குள் தன்னந்தனியாக நின்று வாசித்துப் பதிவு செய்தது. வெளியே வேன் உறுமிக்கொண்டிருந்தது; வேறொருவருடைய குழுவோடு ஆறு வாரம் ஜெர்மனி, போலந்து என்று கிளம்பிக்கொண்டிருந்தான்.

"கேளு. பிடிச்சா எழுது. பிடிக்கலைன்னா எழுதாத. என்கிட்ட எதுவும் சொல்ல வேணாம்" என்று கல்லாவில் வைத்துவிட்டு ஓடினான்.

அந்தச் சனிக்கிழமை தூருன் பாத்திரம் கழுவப் போனார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, கை நின்றுவிட்டது. அடியாழத்திலிருந்து ஒரு கட்டைக் குரல் கிளம்பி, கோபுரத்தின் சுவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, வாசிப்பவனையே தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் ஒரு வயல் அளவு இடம். பஸ் இல்லை, பதற்றம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். முட்டைக் கடிகாரம் இரண்டு பக்கத்துக்குமாக இருபத்தேழு நிமிடம் காட்டியது. பென்சிலை எடுத்து ஒரே மூச்சில் எழுதினார்:

"சீவர்ட் ஹெல்லேம் அவசரப்படுவதை நிறுத்திவிட்டார். இங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழி தெரிந்திருக்கிறது. மொத்தம் இருபத்தேழு நிமிடம். அந்த நேரத்துக்கு யாரையும் வீட்டுக்கு அழைக்காதீர்கள்."

பிப்ரவரியில் முந்நூறு பிரதிகள் அச்சாகி வந்தன. உறையில் கோபுரத்தின் படமும் அவன் பெயரும் மட்டும். தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாளில் ஒரு தானியக் கதிரின் கோட்டோவியம்; வேறெதுவும் இல்லை. தூருன் சீட்டைக் கிளிப்பில் மாட்டினார். ஐவின் அதைப் படம் பிடித்து சீவர்ட்டுக்கு அனுப்பினார். எங்கோ ஒரு ஜெர்மன் ஊரிலிருந்து ஒற்றைச் சொல் பதிலாக வந்தது: "அப்பாடா."

அந்தத் தட்டு விற்றதுபோல அந்த அலமாரியில் எதுவும் விற்றதில்லை. உள்ளூர்ப் பத்திரிகை 'வீட்டுக்கு வழி தெரிந்த மூச்சு' என்று தூருனின் வரியையே தலைப்பாக்கியது. பனி பெய்து ஓயாத அந்த மாதத்தில், ஊரில் பலபேர் இரவுச் சாப்பாட்டுக்கு முன் விளக்கைக் குறைத்துக்கொண்டு அதைக் கேட்டார்கள். அறுபத்தொரு தட்டுகள். வாங்கியவர்களில் நாற்பது பேரையாவது தூருனுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

மார்ச்சு இரண்டாம் வாரம் சீவர்ட் ஊர் திரும்பினான். தோளில் வாத்தியப் பெட்டி, கையில் ஏலக்காய் பன் பொட்டலம், முகமெல்லாம் சிரிப்பு. "வாங்கய்யா, அவசரமில்லாத மனுஷன் வந்தாச்சு!" என்று ஐவின் கையைத் தட்டினார். மரியாதை செய்ய வேண்டுமல்லவா? கடை பிளேயரில் அந்தத் தட்டையே போட்டார். தூருன் பின்கட்டிலிருந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். பொதுவாக அவர் யாரையும் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை.

சீவர்ட் பன்னைக் கடித்தபடியே காதைக் கொடுத்தான். ஒரு நிமிடம் போயிற்று.

"நல்லா இருக்கே" என்றான். "யாரு இது?"

ஐவின் உரக்கச் சிரித்தார். "யாரா? நீதான்டா!"

"விளையாடாத. இது பெரிய கிளாரினெட்டு. ஆளு யாரு, இந்த ஊரா?"

"உன் தட்டுதான் ஓடுது. கண்ணைத் திறந்து பாரு."

சீவர்ட் எட்டிப் பார்த்தான். தானியக் கதிர் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "நான் இதுல பெரிய கிளாரினெட்டைத் தொடவே இல்லையே."

"இருபத்தேழு நிமிஷமும் நீதான்" என்றார் தூருன்.

"எந்த இருபத்தேழு? என்னுது இருபது நிமிஷம்."

மூன்று பேரும் பிளேயரைப் பார்த்தார்கள். சீவர்ட் பன்னைக் கீழே வைத்துவிட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஓரத்திலிருந்த சிறு வேக விசையை, நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றிலிருந்து நாற்பத்தைந்து சுற்றுக்குத் தள்ளினான்.

கோபுரத்துக்குள் யாரோ கல்லெறிந்ததுபோல குருவிக் கூட்டம் ஒன்று பறந்து எழுந்தது. சிறிய கிளாரினெட். ஒரு சுரத்தின் வாலை அடுத்த சுரம் மிதித்துக்கொண்டு, சுவரில் மோதி, எதிரொலி வந்து சேருமுன்பே அடுத்ததை எறிந்து, மேலே மேலே மேலே. ஐவின் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தூருனின் கை கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

சீவர்ட்தான் முதலில் சிரித்தான். குனிந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "பத்திரிகைல போட்டாங்களே! 'பனி உருகுவதுபோல'ன்னு! ஜெர்மனில இருந்துக்கிட்டு எனக்கு ஒண்ணுமே புரியல, இந்த ஊர்ல எல்லாருக்கும் மண்டை குழம்பிடுச்சோன்னு…" சிரிப்பு நடுவிலேயே அறுந்தது. நிமிர்ந்தான். பையிலிருந்து போனை எடுத்து, சீட்டின் படத்தைத் திறந்து, கல்லாவில் தூருனுக்கு எதிரே வைத்தான்.

"தினமும் மேடை ஏறுறதுக்கு முன்னாடி இதைப் படிப்பேன், தூருன். கடைசில இவளுக்குப் புரிஞ்சுபோச்சு, இது அவசரம் இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டான்னு நினைச்சேன். இருபது நிமிஷம் மூச்சு விடாம அப்படி வாசிக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு." போன் திரையை விரலால் தட்டினான். "இதுல ஒரு வார்த்தைகூட நான் வாசிச்சதுக்கு எழுதினது இல்ல. இல்லையா?"

தூருன் பொய் சொல்லத் தெரியாதவர். "இல்ல" என்றார். "தப்பு என்னுது."

"என்னுதும்தான். நாற்பத்தஞ்சுன்னு ஒரு எண்ணு போட வேண்டியது. விட்டுட்டேன்." உதட்டைக் கோணினான். "அவசரத்துல."

மூவரில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனான். போகும்போது அலமாரிப் பக்கம் பார்க்கவில்லை.

ஐவின் தொண்டையைக் கனைத்தார். "இதைப் பெருசு பண்ணாத. ஊரே உன் காதை நம்பிக் கெடக்கு. மிச்சத் தட்டுல நாற்பத்தஞ்சுன்னு சத்தமில்லாம ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுவோம். முடிஞ்சுது."

"ஸ்டிக்கர் ஒட்டி விக்க இது மீன் டப்பாவா?" என்றார் தூருன். பழைய சீட்டைக் கிளிப்பிலிருந்து எடுத்து, கிழிக்காமல், தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். புதிய சீட்டு எழுதினார்: "இதை 45-இல் போடவும். நான் 33-இல் போட்டுக் கேட்டுவிட்டு எழுதினேன். சரியாகக் கேட்ட பிறகு எழுதுகிறேன். தூருன்." அதை அலமாரியில் மட்டுமல்ல, தெருவைப் பார்த்த கண்ணாடியிலும் ஒட்டினார். இரண்டு நாள் ஊர் அதன் முன்னால் நின்று சிரித்துவிட்டுப் போனது. மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு படித்தவர்களுக்கு உள்ளேயிருந்து தலையை ஆட்டி, "ஆமா, நான்தான்" என்றார்.

பிறகு தொலைபேசி. பெயர் தெரிந்த நாற்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் பேசினார். பல் மருத்துவர் ஒருவர் அரை நிமிடம் சிரித்தார். ஒரு பெண், "இனிமே எனக்கு ரெண்டு தட்டு இருக்குன்னு நினைச்சுக்கறேன்" என்றாள். இன்னொருத்தி பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். கடைசியாக ஒட்டார். படகுப் போக்குவரத்தில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொன்பது வயது, நெருங்கிப் பழகியவர்களில் தூருன் 'நீங்க' என்று கூப்பிடும் வெகு சிலரில் ஒருவர்.

"நீங்க வாங்குன அந்தக் கிளாரினெட்டுத் தட்டு…"

"நாற்பத்தஞ்சு" என்றார் ஒட்டார்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? முதல் நாளே பிளேயர் நாற்பத்தஞ்சுலதான் நின்னுச்சு. போட்டேன். நல்லா ஊதுறான், மனுஷன் இழுக்கிற மாதிரி மூச்சு இழுக்கிறான்னு நினைச்சேன். அப்புறம் கடைக்கு வந்தப்ப உன் சீட்டைப் படிச்சேன். அவசரமில்லைன்னு போட்டிருந்தியே. சரி, நாப்பது வருஷம் எஞ்சின் சத்தத்துல காது போயிடுச்சு போலன்னு முப்பத்து மூணுக்கு மாத்திட்டேன்."

தூருன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். மனுஷன் இழுக்கிற மாதிரி மூச்சு. அவருடைய ஒரே சங்கீதம் அது. அது எஞ்சின்காரருக்குக் கேட்டிருக்கிறது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்டயா? சீட்டு எழுதுறவளே நீ. உன் சீட்டை எதிர்த்துப் பேச இந்த ஊர்ல எவனுக்கு தைரியம் இருக்கு?" கிழவர் குரல் சற்று இறங்கியது. "இன்னொண்ணு. என் வீட்டுக்காரி மாக்னிக்கு இப்ப எதுவும் ஞாபகத்துல நிக்கிறதில்ல, உனக்குத் தெரியும். என்னையே ரெண்டு நாளா ஸ்டேஷன் மாஸ்டர்னு நினைச்சுக்கிட்டிருக்கா. ஒரு இடத்துல உக்காரமாட்டா, கதவைப் பாத்து நடந்துக்கிட்டே இருப்பா. இந்த மெதுவானதைப் போட்டா மட்டும் உக்காந்துடுறா. நான் திருப்பிப் போடுற வரைக்கும்கூட எந்திரிக்கிறதில்ல. கடை வாசல்ல உன் அறிக்கையைப் பாத்துட்டு நேத்து நாற்பத்தஞ்சுல போட்டேன். எந்திரிச்சுக் கோட்டை மாட்டிக்கிட்டா."

"அப்ப முப்பத்து மூணுலயே இருக்கட்டும்" என்றார் தூருன்.

"தப்பில்லையே?"

"உங்க வீட்ல இல்ல."

அன்று மாலையிலிருந்து தட்டை மறுபடி, சரியான வேகத்தில், தன் வழக்கப்படிக் கேட்க ஆரம்பித்தார். பாத்திரம் கழுவும்போது எரிச்சலாக இருந்தது. அதே பழைய சீவர்ட், அதே பஸ். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோது எரிச்சலோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. எது எதனுடைய சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. மூன்றாவது முறை கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பாதி ஓடிய பிறகுதான் கவனித்தார்: நின்ற இடத்தில் அவர் இல்லை. அறையில் ஜன்னலுக்கும் அலமாரிக்குமாக, கையை வீசிக்கொண்டு, நடந்துகொண்டிருந்தார். எப்போது ஆரம்பித்தோம் என்று தெரியவில்லை.

பென்சிலை எடுத்தார். வைத்தார். பிடித்திருக்கிறதா, குற்ற உணர்வா? "வெட்கத்துல எழுதுற சீட்டும் பொய்ச் சீட்டுதான்" என்று மறுநாள் ஐவினிடம் சொன்னார். "பின்ன என்னதான் எழுதப்போற?" "தெரியல. இன்னும் கேக்கணும்." அலமாரியில் அந்த மன்னிப்புச் சீட்டு மட்டும் நின்றது. அடுத்த வியாழன் சீவர்ட் காப்பிக்கு வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை.

தட்டுக்கான கச்சேரி ஏப்ரல் முதல் ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு. ஆற்றுக்கு மேலே, மேட்டில், பழைய ஜெபவீட்டுக் கூடம். வாசலில் ஒருத்தி வாஃபிள் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உருகிய பனி கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூறு நாற்காலிகளும் நிறைந்துவிட்டன. பாதிக்கு மேல் தூருனின் வாடிக்கையாளர்கள். பல் மருத்துவர் திரும்பிப் பார்த்து, "தூருன், இன்னிக்கு எந்த வேகம்?" என்று கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். "மெதுவானதைத்தான் வாசிக்கணும்" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள்; விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "எனக்கு அதுதான் பாட்டு." தூருன் கடைசி வரிசையில், கோட்டுகள் மாட்டியிருக்கும் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

சீவர்ட் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. வலக்கையில் பெரிய கிளாரினெட், இடக்கையில் சிறியது. சிறியதை நாற்காலியில் கிடத்தினான். பெரியதை உதட்டில் வைத்தான்.

தட்டின் முதல் துண்டுதான். ஆனால் மெதுவாக. முப்பத்து மூன்றின் மெதுவு, மயிரிழை தப்பாமல். தன் தட்டைத் தப்பான வேகத்தில் ஓடவிட்டு, சுரம் சுரமாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறான். கூடத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு பரவியது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த ஐவின் முழங்கையால் தூருனை இடித்து, "பாத்தியா, உன் சீட்டுக்கு இப்ப ஆள் கெடச்சாச்சு" என்று கிசுகிசுத்தார்.

தூருன் முன்னால் சாய்ந்து கேட்டார். ஜனவரியில் சமையலறைத் தண்ணீரை ஓடவிட்டுக் கேட்ட அதே சுரங்கள்தான். அதே வயல் அளவு இடைவெளிதான். ஆனால் அந்த இடைவெளிகளில் ஒருவன் நின்று காத்திருப்பது தெரிந்தது. ஒவ்வொரு சுரத்தையும் பரிமாறிவிட்டு, சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்க்கும் ஓட்டல்காரனைப் போல, அவன் கண் வரிசைவரிசையாகப் போய் வந்தது. விரல்கள் வாத்தியத்தின் விசைகளின் மேல் விறைத்துக் கிடந்தன. ஓடத் தெரிந்த குதிரையைக் கடிவாளத்தில் பிடித்து நிறுத்தி வைத்ததுபோல இடது முழங்கால் மட்டும் கால்சட்டைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தர் எழுதிய சீட்டுக்காக ஒரு மனிதன் தன்னைப் பிடித்துவைத்துக்கொண்டிருந்தான்.

துண்டு முடிந்தது. மெத்தென்று கைதட்டல். சீவர்ட் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். பெரிய கிளாரினெட்டின் வாயைத் துடைத்தான். அடுத்ததற்காக அதையே மறுபடி உயர்த்தினான். அப்போது அவன் பார்வை தலைகளையெல்லாம் தாண்டி, கோட்டுகள் தொங்கும் சுவர்வரை வந்தது.

தூருன் எழுந்து நின்றார். நாற்காலி கிரீச்சிட்டது, முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஐவின் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அதை உதறிவிட்டு, வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஆட்காட்டி விரலை நீட்டி, தட்டு சுழல்வதுபோலக் காற்றில் சுற்றிக் காட்டினார். வேகமாக. இன்னும் வேகமாக.